ஆறு பெயருக்கு ஒரு விரல்

ஆடிட்டர் ஆபீசில் வேலை பழகச் சேர்ந்த மூன்றாம் வருஷம் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. உடம்பில் ஒரு குறையும் இல்லை. பேரேட்டைத் திறந்து வைத்து அரை மணி ஆனால் கால் தானாக ஆடத் தொடங்கும். எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் குடிப்பேன். திரும்பி வந்து, சீவிய பென்சிலையே மறுபடி சீவுவேன். எதிரே உட்கார்ந்திருக்கும் சீனியர், "என்னாப்பா, எறும்புப் புத்து மேல குந்திக்கினு இருக்கியா?" என்பார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பழகுநர் காலம் முடிந்து நாலைந்து வருஷமாகியும் பரீட்சை தேறாததால், சம்பளத்துக்கு அதே ஆபீசில் தங்கிவிட்டவர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் கால் இன்னும் கொஞ்சம் வேகமாக ஆடும்.

ஆபீஸ் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை பிரிக்கிற நாளில் மேலே எல்லோரும் தும்முவோம். வேலை என்பது ஒருவர் ரசீதை வாசிக்க, இன்னொருவர் பேரேட்டில் அந்தத் தொகையைத் தேடிப் பக்கத்தில் பச்சை மையால் ஒரு டிக் போடுவது. காலை பத்து மணியிலிருந்து விளக்கேற்றும் வரை இதுதான். எழுந்து நின்று கேட்கும்படியான எதுவும் அந்த ரசீதுகளில் ஒருநாளும் இருந்ததில்லை.

என் ஊர் புதுச்சத்திரத்துக்கு மேற்கே, நாமக்கல் ரோட்டைவிட்டு இரண்டு மைல் உள்ளே. அப்பா கடலைக்காய் விற்ற பணத்தில் வேலை பழக்குவதற்காக ஆடிட்டருக்குப் பிரீமியம் கட்டி என்னைச் சேர்த்துவிட்டிருந்தார். ஐந்து வருஷ ஒப்பந்தம். சம்பளம் கிடையாது. நடுவில் விட்டுவிட்டுப் போவதானால் அப்பாவும் ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. ஐந்து வருஷமும் முடித்து, இரண்டு பரீட்சைகளையும் தேறினால் பெயருக்குப் பின்னால், பதிவுபெற்ற ஆடிட்டர் என்பதற்கு அடையாளமாக, ஆர்.ஏ. என்று போட்டுக்கொள்ளலாம். முதல் பரீட்சையில் நான் ஒருமுறை தோற்றிருந்தேன். முடிவு வந்த அன்று ஆடிட்டர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "உன் நம்பரைக் காணோம்" என்றார். உடனே, "அந்த பாங்க் பாஸ்புக் வந்துதா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள்மேல் அவருக்குக் கோபமும் கிடையாது, பெரிய அக்கறையும் கிடையாது. நாலு மணிக்கு டென்னிஸ் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நான் தங்கியிருந்தது சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் பின்புறம் ஒரு அறை. கூட இருந்தவர் ரயில்வேயில் கூட்ஸ் குமாஸ்தா. அப்போது சண்டைக் காலம். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்திருந்தான். பகலெல்லாம் பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு தனி ரயில்கள் போகும். என் வயதுப் பையன்கள் ஜன்னலில் காலை வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பிளாட்பாரத்தில் நிற்கிற எங்களைப் பார்த்துச் சும்மா கையை ஆட்டுவார்கள். எங்கே போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அது எனக்குப் பெரிய பாக்கியமாகப் பட்டது.

கூட்ஸ் குமாஸ்தாதான் ஒருநாள் சொன்னார்: "ராணுவக் கணக்கு ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க. வடக்கே போஸ்டிங். வந்த நாள்லேர்ந்து சம்பளம். நீ கணக்கு தெரிஞ்சவன், ஏன் சார் இங்க கெடந்து தும்மிக்கிட்டிருக்கே?"

யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டேன். ஒரு மாதத்தில் சென்னைக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. ஞாயிறு சாயங்கால வண்டியைப் பிடித்தால் போதும். வேலை கிடைத்த பிறகு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம், அழுதாலும் அடித்தாலும் அப்புறம் கையெழுத்துப் போட்டுத்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போன அன்று, ஆடிட்டர் என்னையும் சீனியரையும் கூப்பிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஒரு பஞ்சு அரவை மில். வருஷக் கணக்கு முடிவதற்குமுன் மூன்று நாள் போய்ப் பாதி வேலையை முடித்துவிட்டு வரவேண்டும். புதன்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை திரும்பலாம். திங்கட்கிழமைக்கு இடையூறு இல்லை என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, "சரிங்க சார்" என்றேன்.

சங்கரி வரை ரயில். அங்கிருந்து பஸ். பெட்ரோல் கிடைக்காத நாட்கள் அவை. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய தகர உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ளவேண்டும். நானும் சீனியரும் இரண்டு இடத்தில் தள்ளினோம். மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வேட்டி கரிக்கடையில் புரண்டு வந்ததுபோல் இருந்தது.

மில் சொந்தக்காரர் நிலபுலன் உள்ளவர். கிணற்றுப் பாசனத்தில் பருத்தி போட்டு, அதை விற்று, கடைசியில் மில்லே வைத்துவிட்டவர். ஐம்பது வயதிருக்கும். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க வாங்க, தண்ணி சுட வெச்சிருக்குதுங்க, மொதல்ல குளிச்சுட்டு வாங்க. கணக்கு எங்க ஓடிப் போவுது?" என்றார். என் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவருக்கு இன்னும் சந்தோஷம். "நம்மூட்டுப் பையன் ஆடிட்டருக்குப் படிக்குதுங்களா? எங்கப்பனுக்குப் பத்துக்கு மேலே எண்ணத் தெரியாதுங்க, விரலு தீந்தா கல்லு வெச்சு எண்ணுவாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

மில்லின் நடுவில் ஒரு முற்றம். ஒரு பக்கம் அரவை எந்திரங்கள், எதிர்ப்பக்கம் நீளமான தகரக் கொட்டகை. கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து, வண்டியில் வந்த பருத்தியிலிருந்து சருகும் சொத்தையும் பொறுக்கி எடுப்பார்கள். பன்னிரண்டு பேர் ஒரு கூட்டம். அப்படி மூன்று கூட்டங்கள். கூட்டத்துக்கு இத்தனை பொதி என்று காலையில் எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆபீஸ் அறை முற்றத்தின் ஓரத்தில் இருந்தது. எங்கள் ஜன்னலுக்கும் கொட்டகைக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. பேச்சுச் சத்தமும் இருமலும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சீனியர் கொள்முதல் கணக்கை எடுத்துக்கொண்டார். என்னிடம் கூலி மஸ்டரைத் தள்ளினார். வாரம் ஒரு பக்கம். பெயர், வேலை செய்த நாள், கூலி, கடைசியில் கைநாட்டு. நான் செய்யவேண்டியது கூட்டலைச் சரிபார்ப்பது மட்டும். நாலு பக்கம் கூட்டியதும் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. வெளியே எழுந்து போவதற்குச் சங்கடமாக இருந்ததால், கைநாட்டுகளை வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன். சில ரேகைகள் மை அப்பிக் குழம்பியிருந்தன. சில, செக்கைச் சுற்றி மாடு மிதித்த தடம்போல வட்டவட்டமாகத் தெளிவாக இருந்தன. ஒரு ரேகையின் குறுக்கே மை ஏறாத வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. எப்போதோ விரல் ஆழமாக வெட்டுப்பட்டு ஆறிய தழும்பு. அதற்கு நாலு பெயர் தள்ளி அதே வெள்ளைக் கோடு. அதற்கும் கீழே மறுபடி.

ஒரு பக்கத்தில் ஆறு பெயருக்கு நேரே ஒரே விரல். பக்கத்தைப் பின்னால் திருப்பினேன். போன வாரமும் அப்படி. அதற்கு முந்தின வாரமும். தை பிறந்ததிலிருந்து இரண்டாவது கூட்டத்தில் அந்த ஆறு பேரில் ஒருத்தியே மற்ற ஐந்து பேருக்கும் கைநாட்டு வைத்திருக்கிறாள். அதற்குமுன் அந்த ஐந்து பேருக்கும் அவரவர் ரேகை இருந்தது.

மூன்று வருஷத்தில் முதல்தடவையாக ஒரு கணக்குப் புத்தகம் என்னைத் திரும்பிப் பார்த்தது. கால் ஆடுவது நின்றிருந்தது. சீனியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் புடிச்சிருக்க. கேக்கவேண்டியத எழுதற தாள்ல ஒரு வரி எழுதி வை. மில்லு கணக்கப்பிள்ளைகிட்ட நாளைக்குக் கேப்போம். அவரு என்னா சொல்றாருன்னு பாத்துட்டு அப்புறம் மொதலாளி."

"அஞ்சு பேர் கூலிங்க! வாரா வாரம் போயிட்டிருக்குது."

"போவட்டும். இன்னும் ஒரு நாள் போனா மில்லு முழுகிடாது. அவசரப்படாத."

அவர் சொன்னது சரிதான். ஆனால் பரீட்சை தேறாதவர் சொன்னதாக மட்டுமே எனக்குக் கேட்டது. இவர் இப்படி மூடி மூடி வைத்துத்தான் இங்கேயே கிடக்கிறார் என்று நினைத்தேன். மத்தியானம் மில்காரர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட வந்தார். சீனியர் கை கழுவப் போயிருந்தார். நான் மஸ்டரை விரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மில்காரர் ஒவ்வொரு பக்கமாகக் குனிந்து பார்த்தார். முகம் மெல்ல மாறியது. "படிச்ச கண்ணு படிச்ச கண்ணுதானுங்க" என்றார். என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டல் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இன்றைக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர் சாப்பாட்டை மறந்துவிட்டு முற்றத்தில் இறங்கினார்.

இரண்டாவது கூட்டத்தை வெளியே வரச்சொன்னார். ஏழு பெண்கள் வந்து வெயிலில் நின்றார்கள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தக் கூட்டத்தை வேலை வாங்கும் மேஸ்திரி அவர்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றார். ஒரு முக்காலியைப் போட்டு, அதில் மைப்பெட்டியும் வெள்ளைத் தாளும் வைத்தார்கள். ஒவ்வொருத்தியும் வந்து விரல் வைக்கவேண்டும் என்று மில்காரர் சொன்னார். நான் ஆபீஸ் வாசலில் நின்றேன்.

முதல் பெண் முக்காலியை நெருங்குவதற்குள், வரிசையின் நடுவிலிருந்து ஒரு அம்மா முன்னால் வந்தார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். ஒல்லியான உடம்பு.

"என்னுதுதானுங்க. மத்தவிகள வெயில்ல நிக்க வெச்சுப் பாக்க வேண்டாமுங்க" என்று பெருவிரலை நீட்டினார். தழும்பு வாசலிலிருந்தே தெரிந்தது.

"அஞ்சாளுக் கூலியத் தின்னிருக்கறே. எத்தன நாளா?"

"திங்கலீங்க சாமி. அவிக அவிக ஊட்டுல கொண்டுபோய்க் குடுத்துட்டேனுங்க. அஞ்சு பேருக்கும் முறைக்காய்ச்சலுங்க. ஒருநா உட்டு ஒருநா நடுக்கம். எந்திரிக்க முடியலீங்க. ஊருல பாதி ஊட்டுல அப்படித்தான் கெடக்கறாங்க."

"அப்ப வேலைக்கு வராதவளுக்கு நான் கூலி குடுக்கோணுமா?"

"வேல நிக்கலீங்களே. பன்னெண்டு பேருக்குப் போட்ட பொதிய நாங்க ஏழு பேருந்தானுங்க பொறுக்கித் தாரோம். விடியறதுக்குள்ள வாரோம், எல்லாரும் போனதுக்கப்பறம் போறோம். ஒருநா கொறச்சலாத் தந்தமான்னு எடக்காரரக் கேட்டுப் பாருங்க. எடம் போயிட்டா அவிகளுக்கு மறுக்கா கெடைக்குமுங்களா?"

மில்காரர் எடைக்காரரைக் கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் ஏமாந்தவராக நின்றது அவரை எரித்துக்கொண்டிருந்தது என்று இப்போது புரிகிறது. ஏழு பேரையும் அப்போதே போகச் சொன்னார். மேஸ்திரியையும் நிறுத்திவிட்டார். பெண்கள் கொட்டகைக்குள் போய்ச் சோறு கொண்டுவந்த தூக்குப்போசிகளை எடுத்துக்கொண்டு, தலையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார்கள். அந்த அம்மா என்னைக் கடந்தபோது நின்று பார்க்கவும் இல்லை. நான்தான் சொன்னவன் என்று அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டில் பருப்பும் நெய்யும் போட்டார்கள். என்னால் பிசையத்தான் முடிந்தது. சீனியர் தன் இலையைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று முழுக்க நான் முற்றத்துக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்குக் குழப்பமே, அந்த அம்மா சொன்னது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான். பொய்யாக இருந்தால் நிம்மதியாகிவிடும். மறுநாள் காலையில் எடைப் புத்தகத்தை வாங்கினேன். எந்தக் கூட்டத்துக்கு எத்தனை பொதி கொடுத்தார்கள், சுத்தமான பருத்தி எவ்வளவு திரும்பியது என்று நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார்கள். தை முதல் தேதியிலிருந்து மூன்று கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கூட்டினேன். ஒருமுறை கூட்டியதில் நம்பிக்கை வராமல் கீழிருந்து மேலாகவும் கூட்டினேன். இரண்டாவது கூட்டம் ஒருநாள்கூட மற்றவர்களுக்குக் குறையவில்லை. இரண்டு வாரத்தில் அவர்கள் கொடுத்ததுதான் அதிகம்.

அந்த அம்மா சொன்னது உண்மை. மில்லுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பன்னிரண்டு பேர் வேலைக்குப் பன்னிரண்டு பேர் கூலி போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மில்காரரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் பருத்தி வண்டிக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் போகும்வரை நின்றேன்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். நேத்து நான் அவசரப்பட்டுட்டேனுங்க."

தாளை வாங்கிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். நேரம் ஆயிற்று.

"தம்பி, நேத்து நீங்கதான் பொய்யின்னு சொன்னீங்க. இன்னைக்கு நீங்களே நட்டமில்லீங்கறீங்க. நான் எதப் புடிச்சுக்கறதுங்க?"

"ரெண்டும் நெசந்தானுங்க. ரேகை பொய்யி. வேல பொய்யில்லீங்க."

"வேல பொய்யில்லாட்டி எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமுல்ல? நான் என்ன தின்னுபோடுவனா?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அது வருத்தம். ஆனால் அவரிடம் வந்து சொல்லும் தைரியம் அந்தக் கொட்டகையில் யாருக்கும் வந்திருக்காது என்பது எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஏழு பேரும் திங்கட்கிழமை முதல் வரலாம். படுத்துக்கிடக்கும் ஐந்து பெயரையும் அடித்துவிட்டு வேறு ஐந்து பேரைச் சேர்க்கவேண்டும். காய்ச்சல்காரர்கள் எழுந்து நடமாடினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். மேஸ்திரி வேண்டாம். நான் எவ்வளவு சொல்லியும் அதற்குமேல் அவர் இறங்கவில்லை. "நீங்க ஊருக்குப் போயிருவீங்க. நாளைக்கு இதே மில்லுல நாந்தானுங்க நிக்கோணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சேலம் திரும்பினோம். சட்டைப் பையில் நேர்முகக் கடிதம் வியர்வையில் நைந்துபோயிருந்தது. கூட்ஸ் குமாஸ்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, மறுநாள் மத்தியானம் ஒரு பொட்டலத்தோடு வந்தார். முறைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை. சண்டையால் கடைகளில் எங்கும் கிடைக்காத மருந்து. ரயில்வே ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கு மட்டும் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் குளிர்க்காய்ச்சல்னு சொல்லிப் போர்வையைப் போத்திக்கிட்டு வரிசையில நின்னேன். பக்கத்து போர்ட்டர் ரெண்டு பேரையும் நிக்க வச்சேன். கொண்டுபோய்க் குடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டால் சாயங்கால வண்டியைப் பிடிக்கலாம். மில்லிலிருந்து அந்த ஊர் மூன்று மைல். ஏரிக்கரையை ஒட்டிச் சின்னக் குடியிருப்பு. விசாரித்துப் போனேன். அந்த அம்மா வாசலில் குந்தாணியில் கம்பு இடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தார். வாங்க என்று சொல்லவில்லை.

பொட்டலத்தைக் கொடுத்தேன். எத்தனை வேளை, சாப்பிட்ட பிறகு எப்படிக் கொடுக்கவேண்டும் என்று குமாஸ்தா சொன்னதைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டு, ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, மில்லுல நான்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியுமுங்க."

"உங்களுக்கு நாளையிலிருந்து வேலை இருக்குது. மில்காரர் சொன்னாரு."

"ஆளு வந்து சொல்லிட்டுப் போனாங்க. போவேனுங்க. போகாம எப்படிப் பொழைக்கறது?" பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தார். "மருந்து கொண்டாந்தீங்க, நல்லா இருப்பீங்க சாமி. ஆனா ஒண்ணு. சொல்றதுக்கு மின்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க. நீங்க உக்காந்திருந்த சன்னலுக்கு எதுக்கத்தானே நாங்க இருந்தோம்."

உள்ளேயிருந்து யாரோ முனகும் சத்தம் கேட்டது. அவர், "இருங்க, மோரு தாரேன்" என்று உள்ளே போனார். மோரைக் குடித்தேன். பிறகு ஐந்து வீடுகளுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மஸ்டரில் வெறும் பெயர்களாக நான் விரலால் தடவிப் பார்த்த ஐந்து பேரும் கோணிச்சாக்குக்குள் சுருண்டு கிடந்தார்கள். ஒருத்தி என்னைவிட இளையவள். எழுந்து உட்காரப் பார்த்தாள். அந்த அம்மா அவள் தோளை அழுத்திப் படுக்கவைத்தார்.

திரும்பும்போது பஸ் மல்லசமுத்திரத்துக்கு இந்தப்பக்கம் நின்றுவிட்டது. தகர உருளையின் அடியில் ஓட்டை. டிரைவர் சாணியும் மண்ணும் குழைத்து அப்பினார். தீ மூட்டினார்கள். மறுபடி புகைந்தது. நான் ரோட்டில் முன்னும் பின்னும் நடந்தேன். கடிதத்தை எடுத்துப் பார்ப்பேன், மடித்து வைப்பேன். மாட்டுவண்டி எதிலாவது ஏறலாமா என்று பார்த்தேன். ஏறினாலும் நேரத்துக்குப் போய்ச் சேராது. வெயில் தாழ்ந்ததும், இனிச் சென்னை வண்டி கிடைக்காது என்று எனக்கே தெரிந்துவிட்டது. புளியமரத்தடியில் உட்கார்ந்தேன்.

மருந்து கொடுக்கப் போனதால் வேலையைத் துறந்தேன் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. துறக்கவில்லை. கரி வண்டி நின்றுபோனது. நேரத்துக்குப் போயிருந்தால் நிச்சயமாக ரயிலேறியிருப்பேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். சீனியர் என் தாளையும் மில் கோப்பில் சேர்த்திருந்தார். ஆடிட்டர் அதைப் படித்தார். ஒரு ஆங்கில வார்த்தையின் எழுத்துப் பிழையைத் திருத்தினார். "பஸ் சார்ஜுக்கு வவுச்சர் வெக்கலையே?" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் சீனியர், "எடைப் புத்தகத்தக் கூட்டிப் பாக்கணும்னு எனக்குத் தோணியிருக்காது" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மூன்று வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

அடுத்த வருஷம் அந்த மில்லுக்கு எனக்குப் பதிலாக வேறு ஒருவரை அனுப்பினார்கள். சீனியர் மறுபடி போய்வந்தார். ஐந்து பேரில் மூன்று பேர் எழுந்து வேலைக்கு வந்துவிட்டார்களாம். இளையவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்களாம். இன்னொருத்தியைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. அந்த அம்மா ஆடி மாதமே மில்லைவிட்டுப் போய், பள்ளிபாளையத்தில் தறிக்காரர் வீடுகளில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று சீனியர் கேள்விப்பட்டு வந்தார்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஈரோட்டில் ஒரு கம்பெனி வேலைக்குப் போயிருந்தேன். ஒரு மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்தது. ஆற்றைத் தாண்டிப் பள்ளிபாளையம் போனேன். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். வாசல்களில் பாவு நீட்டியிருந்தார்கள். அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி மூன்று தெருக்களில் விசாரித்தேன். அதே பெயரில் இரண்டு பேரைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். இரண்டு பேரும் அவர் இல்லை. எதற்காகத் தேடுகிறேன் என்று ஒரு தறிக்காரர் கேட்டார். உறவா, பணம் ஏதாவது தரணுமா என்றார். அவரைக் கும்பிட்டுவிட்டு ஆற்றுப்பக்கம் திரும்பி நடந்தேன். கண்டுபிடித்திருந்தாலும் என்ன பேசியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தத் தடவை முதல் பரீட்சை தேறினேன். கடைசிப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு முறை சென்னைக்குப் போகவேண்டியிருந்தது. அதிலும் தேறிவிட்டதாகக் கடிதம் வந்த அன்று புதுச்சத்திரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அப்பாவிடம் சொல்ல வயல்வழியே நடந்தேன். அவர் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஆட்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமேலாச்சும் ஒரு எடத்துல உக்காருவியா?" என்று கேட்டார்.

"பாக்கலாமுங்கப்பா" என்றேன்.